யானைமலையா, எல்லோராவா?

"மாமா, யானைமலை அந்தக் காலத்து எரிமலையா?" மதுரையை அடுத்த ஒத்தக்கடையில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது அக்கா மகள் கேட்டாள். இல்லை. ஆனால் அதுவும் அனற்குழம்பில் பிறந்த கல்தான். எரிமலைப் பாறைக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டைப் பார்க்க வேண்டுமென்றால் யானைமலைக்கு எதிரே மராட்டியத்து எல்லோராவை நிறுத்துவேன்.

எல்லோராவில் குழம்பு தரைக்கு மேலே வந்து ஓடியது. சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியின் பிளவுகள் வழியே திரும்பத் திரும்ப வழிந்து, அடுக்கடுக்காக உறைந்த பசால்ட் அது. சீக்கிரம் ஆறியதால் படிகங்கள் கண்ணுக்கே தெரியாத பொடி. கெட்டியான அடுக்கு செங்குத்தாக நிற்கும், மெத்தென்ற அடுக்கு சரிந்துவிடும். அதனால் தக்காண மலைகள் தட்டை உச்சியோடு படிக்கட்டு மாதிரி இருக்கும்.

யானைமலையில் குழம்பு வெளியே வரவே இல்லை. ஆழத்திலேயே மெல்ல மெல்ல ஆறியது. அதனால்தான் படிகங்கள் உப்புக்கல் போலத் தனித்தனியாக மின்னுகின்றன. பிறகு வெப்பமும் அழுத்தமும் பிசைந்ததில் வரி விழுந்தது. கறாராகச் சொன்னால் இது கிரானைட் நைஸ். மேலே கிடந்த பாறையெல்லாம் அரித்துப் போக, பாரம் இறங்கிய கல் விரிந்து, வெங்காயம் போலத் தோல் தோலாக உரிகிறது. யானையின் வழவழ முதுகு அப்படி வந்ததுதான்.

உளிக்கும் இந்த வேறுபாடு தெரியும். யானைமலையில் உள்ள நரசிங்கம் குடைவரைக் கோயிலைப் பாண்டிய அமைச்சர் மாறன்காரி 770-இல் எடுப்பித்தார். அவர் இறந்தபின் தம்பி மாறன் எயினன் முகமண்டபம் சேர்த்தார். அதே எட்டாம் நூற்றாண்டில் எல்லோராவில் ஒரு மலைச்சரிவையே மேலிருந்து கீழாகச் செதுக்கிக் கைலாசநாதர் கோயிலாக்கினார்கள். அங்கே அவ்வளவு பெரிதாக முடிந்ததற்கு அரசர்களின் செல்வமும் காரணம்தான். ஆனால் குவார்ட்ஸ் என்ற கடினமான கனிமம் நிறைந்த நம் கல்லில் ஒவ்வொரு விரற்கடைக்கும் மல்லுக்கட்ட வேண்டும்.

எரிமலைக் கல்லைப் பார்க்க இன்னோர் இடமும் உண்டு: கர்நாடகத்தில் உடுப்பி அருகே செயின்ட் மேரிஸ் தீவில் எரிமலைக் குழம்பு ஆறிச் சுருங்கித் தூண் தூணாக நிற்கிறது. அழகு, ஆனால் ஒரு பகல் போதும்.

என்னைக் கேட்டால் யானைமலைதான். எல்லோராவில் தொடுவது பூமி வெளியே கொட்டியதை. இங்கே தொடுவது அதன் உள்ளறையை. மதுரைக்காரர்களுக்கு டவுன் பஸ் தூரம்தான். அப்படியே மேலூர் தாண்டிக் கீழவளவு வரை போய் வாருங்கள். இதே இனக் கல்லைப் பலகை பலகையாக அறுத்து எடுத்த குவாரிகளில், குன்று நின்ற இடத்தில் பள்ளம் கிடக்கிறது.