ஸ்காபா ஃப்ளோ படகுச் சுற்று: கேமரா அருமை, கதையில் பாதியைக் காணோம்

ஸ்காட்லாந்தின் ஆர்க்னி தீவுகளில், ஸ்காபா ஃப்ளோ என்ற இயற்கைத் துறைமுகத்தில் மூழ்கிக் கிடக்கும் முதல் உலகப் போர்க்கால ஜெர்மன் போர்க்கப்பல்களைப் பார்க்க முக்குளிக்கத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. படகில் கூட்டிப்போய், கேபிள் கட்டிய கேமராவைக் கடலுக்குள் இறக்கித் திரையில் காட்டுகிறார்கள். எஞ்சின் ரூமில் பல வருடம் வேலை பார்த்தவன் நான். இந்தச் சுற்றுக்காக ரொம்ப நாளாகக் காத்திருந்தேன்.

எங்களுக்குக் காட்டியது 'கோல்ன்' என்ற இலகு ரகக் குரூசர். சுமார் 35 மீட்டர் ஆழத்தில் வலப்பக்கம் சாய்ந்து கிடக்கிறது. முதலில் பச்சை இருட்டு மட்டும்தான். அப்புறம் நங்கூரம் தூக்கும் கேப்ஸ்டன், ஒருக்களித்தபடி, உடம்பெல்லாம் கடல் சாமந்தி அப்பிக்கொண்டு திரையில் வந்தது. கேமராக்காரர் அவசரப்படவில்லை. கவசக் கோபுரம் வரை மெதுவாகக் கொண்டுபோனார். பாதுகாக்கப்பட்ட சின்னம் என்பதால் எதையும் தொடாமல் விலகியே ஓட்டினார். இதற்கு முழு மார்க்.

குறை விளக்கவுரையில்தான். 1919 ஜூன் 21 அன்று, இங்கே தடுத்து வைக்கப்பட்டிருந்த கப்பல்களை ஜெர்மன் மாலுமிகளே மூழ்கடித்ததை வழிகாட்டி உருக்கமாகச் சொன்னார். பள்ளிப் பிள்ளைகள் ஒரு படகிலிருந்து அதைப் பார்த்தது, எர்னஸ்ட் காக்ஸ் என்ற தொழிலதிபர் பிற்பாடு பல கப்பல்களை மேலே தூக்கியது, எல்லாம் வந்தது. அதற்கு முந்தைய சோதனையும் ஆயுதக் களைவும் மட்டும் ஒரே வரியில் முடிந்துவிட்டன. எனக்கு அதுதான் முக்கியம்.

போர்நிறுத்தத்துக்குப் பின், 1918 நவம்பர் 21 அன்று, ஸ்காட்லாந்தின் ஃபோர்த் கழிமுகத்துக்கு வெளியே, தளபதி பீட்டியின் பிரிட்டிஷ் கடற்படை 70 ஜெர்மன் கப்பல்களை எதிர்கொண்டு உள்ளே அழைத்து வந்தது. ஒளித்துவைத்த குண்டுகள் இருக்கின்றனவா என்று கப்பல்களில் ஏறிச் சோதித்த பிறகே ஸ்காபாவுக்கு அனுப்பினார்கள். பீரங்கிகளின் பின்பக்கத்தை அடைக்கும் பிரீச் பிளாக்கைக் கழற்றியாயிற்று. அது இல்லாவிட்டால் 30.5 செ.மீ. பீரங்கியும் வெறும் குழாய்தான். ஆனால் கப்பலின் அடியில் இருக்கும் கடல்நீர் வால்வுகள் ஜெர்மன் மாலுமிகளின் கையிலேயே இருந்தன. எஞ்சினைக் குளிர்விக்கக் கடல்நீரை உள்ளே விடும் அதே வால்வுகள். திறந்துவிட்டு, கைப்பிடியைக் கடலில் எறிந்துவிட்டால் மூட வழியில்லை. 1919 ஜூன் 21 அன்று அதைத்தான் செய்தார்கள்.

பிரிட்டிஷ்காரர்கள் கப்பல்களுக்குள்ளேயே ஏன் காவல் போடவில்லை? போர்நிறுத்த ஒப்பந்தப்படி நீர்மூழ்கிகள் சரணடைந்தவை. அவற்றை ஹாரிச் என்ற இங்கிலாந்துத் துறைமுகத்தில் ஒப்படைத்துவிட்டு மாலுமிகள் ஊர் திரும்பினார்கள். மேற்பரப்புக் கப்பல்களோ தடுத்து வைக்கப்பட்டவை மட்டும்தான், ஜெர்மனியின் சொத்தாகவே இருந்தன. அதனால் பராமரிப்புக்கென்று ஜெர்மன் ஆட்களே தங்கினார்கள். கரைக்கு வர அனுமதி இல்லை, பக்கத்துக் கப்பலுக்குப் போகவும் தடை. சாப்பாடு ஜெர்மனியிலிருந்து வந்தது. இப்படி ஏழு மாதம். கடைசியில் ஜெர்மன் தளபதி ராய்ட்டரின் சமிக்ஞையில், பிற்பாடு வந்து சேர்ந்தவையும் சேர்த்து அங்கிருந்த 74 கப்பல்களில் 52 மூழ்கின. அன்று ஒன்பது ஜெர்மானியர்கள் இறந்தார்கள். சோதனையில் எதைப் பார்த்தார்கள், எதை விட்டார்கள் என்று சொல்லாமல் இந்த முடிவு எப்படி விளங்கும்? கேமரா இறங்கும் நேரத்தில் ஐந்து நிமிடம் போதும், சொல்லிவிடலாம். இறங்கும்போது வழிகாட்டியிடமே இதைச் சொன்னேன், பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

போகலாமா என்றால், கட்டாயம் போங்கள். காற்று பிய்த்துக்கொண்டு போகும், தடித்த ஜாக்கெட் இல்லாமல் ஏறாதீர்கள். திரை சிறியது, முன்வரிசையில் இடம் பிடியுங்கள். முடிந்தால் முதல் நாளே ஆர்க்னியின் ஹூட்டன் துறையிலிருந்து ஃபெரி பிடித்து, ஹோய் தீவிலுள்ள லைனஸ் போய் அங்குள்ள அருங்காட்சியகத்தைப் பார்த்துவிடுங்கள். கடற்படைக் கல்லறையும் அங்கேதான். கப்பல்கள் மூழ்கிய அன்று சுடப்பட்டு இறந்த, 'மார்க்கிராஃப்' கப்பலின் கேப்டன் ஷூமானின் கல்லறை அங்கே இருக்கிறது. அதையெல்லாம் பார்த்துவிட்டுப் படகேறினால், வழிகாட்டி விட்டதை நீங்களே நிரப்பிக்கொள்ளலாம்.