மறதி நோய்க்குக் காணொளி மருத்துவம்: வேப்பனப்பள்ளியிலிருந்து ஒரு மதிப்பீடு

பெங்களூரில் உள்ள ஒரு தனியார் மருத்துவமனையின் முதியோர் நினைவாற்றல் பிரிவு நடத்தும் காணொளி ஆலோசனையை, மறதி நோய் உறுதிசெய்யப்பட்ட என் மாமியாருக்காகப் பயன்படுத்தி வருகிறோம். எங்கள் ஊர் வேப்பனப்பள்ளி கிருஷ்ணகிரி மாவட்டத்தில் உள்ளது; கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூர் சுமார் 90 கிலோமீட்டர்தான். ஆனால் எங்கே போகிறோம் என்பது புரியாமல் ஓடும் காரின் கதவைத் திறக்க முயலும் ஒருவரை, வழியிலுள்ள அத்திப்பள்ளியின் நெரிசலில் வைத்துக்கொண்டு மாதந்தோறும் போய்வருவது ஆகாத காரியம். கட்டணம் நேரில் காண்பதற்கு உள்ளதேதான், குறைவில்லை.

முதல் ஆலோசனையைக் காணொளியில் நடத்த அவர்கள் மறுத்துவிட்டார்கள். அது சரியான முடிவு. வைட்டமின் பி12 குறைவும், தைராய்டு கோளாறும், மனச்சோர்வும்கூட மறதியாக வெளிப்படலாம் என்பதால், இரத்தப் பரிசோதனையும் மூளை ஸ்கேனும் எடுத்து, நரம்பியல் மருத்துவர் நேரில் பார்த்த பிறகே காணொளிக்கு மாற்றினார்கள்.

இச்சேவையில் நான் மிகவும் மதிப்பது, ஒவ்வொரு முறையும் மாமியாரிடம் பேசி முடித்த பின், அவர் இல்லாதபோது என்னிடம் தனியாகப் பேச நேரம் ஒதுக்குவதைத்தான். இரவில் எழுந்து வாசற்கதவைத் தள்ளுவதையும், நகையை நான் எடுத்துவிட்டதாகப் பழி சொல்வதையும், சேலையிலேயே சிறுநீர் போய்விடுவதையும் அவர் முன்னால் சொல்வது அவரை அவமதிப்பதாகும். சொல்லாமல் விட்டாலோ மருத்துவருக்கு எதுவும் தெரியாது. ஏனெனில் வெளியாரிடம் கால்மணி நேரம் குறையில்லாமல் பேசி, "எனக்கென்ன, நன்றாகத்தான் இருக்கிறேன்" என்று முடித்துவிடும் திறமை அவருக்கு இன்னும் இருக்கிறது. மத்திய அரசு 2020 மார்ச்சில் வெளியிட்ட தொலைமருத்துவ நெறிமுறைகள் பராமரிப்பவர் வழியான ஆலோசனையை ஏற்றுக்கொண்டாலும், அதற்கென்று நேரம் தருவோர் அதிகம் இருப்பதாகத் தெரியவில்லை.

மாமியாரின் தாய்மொழி தெலுங்கு. எங்கள் பக்கத்தில் பலரையும் போல வெளியே தமிழும் வீட்டில் தெலுங்குமாக வாழ்ந்தவர். நோய் முற்றமுற்றத் தமிழ்தான் முதலில் நழுவுகிறது. தமிழில் நடத்திய நினைவாற்றல் சோதனையில் மிகக் குறைந்த மதிப்பெண் வந்தபோது இதைச் சொன்னேன். அடுத்த முறை தெலுங்கு தெரிந்த உளவியலாளரை அமர்த்தி, பள்ளிக்குப் போகாதவர் என்பதால் நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொல்வதை விட்டு, கிழமைகளைப் பின்னோக்கிச் சொல்லச் சொன்னார்கள். இரண்டு சோதனைகளுக்கும் இடையே நல்ல வித்தியாசம் இருந்தது.

குறைகளும் உண்டு. நேரம் கேட்டால் மாலை ஆறு மணிக்கு மேல்தான் தருவார்கள். மறதி நோயாளிகள் பலருக்குப் பொழுது சாயும் வேளையில்தான் குழப்பமும் பதற்றமும் கூடும் என்பது முதியோர் மருத்துவத்தில் யாவரும் அறிந்தது. அதற்கென்றே இருக்கும் ஒரு பிரிவு இப்படிச் செய்வது வியப்பளிக்கிறது. பலமுறை கேட்ட பிறகே எங்களுக்குக் காலை நேரம் கிடைத்தது. காது மந்தமானவர்களுக்கு என்ன செய்ய வேண்டும் என்பதையும் முன்கூட்டியே சொல்வதில்லை. தனி ஒலிபெருக்கி வாங்கி வைத்தோம். அவர் திரையில் தெரியும் மருத்துவரை விட்டுவிட்டு ஒலிபெருக்கியைப் பார்த்துப் பதில் சொன்னார். இப்போது அதைக் கைபேசிக்கு நேர் பின்னால் வைக்கிறோம்.

மருந்து விஷயத்தில் கவனமாக இருக்கிறார்கள். மறதி நோய்க்குத் தரப்படும் டோனெபெசில் மாத்திரை இதயத் துடிப்பைக் குறைக்கக்கூடியது என்பதால், 5 மில்லிகிராமிலிருந்து 10 மில்லிகிராமுக்கு உயர்த்துவதற்கு முன் நாடித்துடிப்புக் கணக்கையும் இ.சி.ஜி.யையும் கேட்டார்கள். இ.சி.ஜி.யைக் கிருஷ்ணகிரியில் எடுத்துப் படமாக அனுப்பினோம். நாடிக் கணக்குக்கு, 2021 ஆகஸ்டில் இதே மாவட்டத்தின் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் தன்னார்வலர், இரத்த அழுத்தம் பார்க்க வரும்போது கருவியில் தெரியும் எண்ணைக் குறித்துக்கொண்டோம். நடையை மட்டும் காணொளியில் சரியாகப் பார்க்க இயலவில்லை. திண்ணையில் கைபேசியை வைத்து அவரை நடக்கவிட்டோம், ஆனால் கை கால் விறைப்பை மருத்துவர் தொட்டுத்தான் அறிய முடியும். ஆகவே ஆறு மாதத்துக்கு ஒருமுறை நேரில் அழைத்துச் செல்கிறோம்.

பகல் முழுவதும் உடனிருந்து கவனித்துச் சொல்ல ஒருவர் உள்ள வீட்டுக்கு இச்சேவையைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். பிள்ளைகள் ஓசூரிலோ திருப்பூரிலோ வேலையில் இருக்க, ஊரில் தனியாக வாழும் முதியவருக்கு இது பயன்படாது; கைபேசியை எடுத்துப் பேசுவதற்கே அவருக்கு ஓர் ஆள் வேண்டும்.