மாதிரி வகுப்பை மட்டும் பார்த்துப் பணம் கட்டிவிடாதீர்கள்: ஜெர்மன் படிக்கத் தொடங்கும் செவிலியர்களுக்கு

ஜெர்மனிக்குச் செவிலியர் பணிக்குச் செல்ல எண்ணி மொழி வகுப்பு தேடிக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் மதுரையில் ஆறு ஆண்டுகளாகச் செவிலியராகப் பணியாற்றுகிறேன். ஜெர்மன் மொழியின் ஏ1 (தொடக்க நிலை) முதல் பி2 (உயர் இடைநிலை) வரை ஆறே மாதத்தில் முடித்துத் தருவதாக ஒரு பயிற்சி மையம் சொன்னதை நம்பி, வளையல்களை அடகு வைத்து 85,000 ரூபாயை ஒரே தவணையாகக் கட்டினேன்.

நம்பியதற்குக் காரணம் அவர்கள் நடத்திய இலவச மாதிரி வகுப்பு. அன்று வந்த ஆசிரியை தமிழிலோ ஆங்கிலத்திலோ ஒரு சொல்லும் பேசாமல், படங்களையும் கையசைவையும் மட்டும் வைத்துக்கொண்டு, ஒரு மணி நேரத்துக்குள் எங்களை ஒருவருக்கொருவர் பெயரும் ஊரும் வேலையும் ஜெர்மனில் கேட்டுப் பதில் சொல்ல வைத்துவிட்டார். எல்லா வகுப்புகளும் இந்தக் கம்யூனிகேட்டிவ் முறையில்தான் நடக்கும் என்றார்கள்.

பணம் கட்டிய பிறகு அந்த ஆசிரியையை நாங்கள் பார்க்கவே இல்லை. நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இருந்த வகுப்புக்கு, சில மாதங்களுக்கு முன்புதான் பி1 தேறிய ஒரு பெண்ணை அனுப்பினார்கள். அவர் பலகையில் அட்டவணை எழுதுவார், நாங்கள் நோட்டில் எழுதிக்கொள்வோம். பிறகு 'அவுஸ், பை, மிட், நாஹ், சைட், ஃபோன், ட்சூ' என்று எல்லோரும் சேர்ந்து ஒப்பிப்போம். டேட்டிவ் வேற்றுமையை (தமிழின் 'கு' உருபு போன்றது) ஏற்கும் அந்த ஏழு முன்னிடைச் சொற்களையும் (பிரெப்பொசிஷன்) இன்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். ஆனால் அவற்றில் ஒன்றை வைத்து ஒரு நோயாளியிடம் ஒரு கேள்வி கேட்கும் பயிற்சி அந்த ஆறு மாதத்தில் ஒரு நாள்கூட நடக்கவில்லை. அந்தப் பெண்ணை நான் குறை சொல்ல மாட்டேன். தனக்குக் கற்பிக்கப்பட்ட விதத்திலேயே அவர் எங்களுக்கும் கற்பித்தார்.

இலக்கணமும் மொழிபெயர்ப்புமாக நடத்தும் முறை லத்தீன், கிரேக்க நூல்களைப் படிப்பதற்காக வளர்ந்தது. பேச்சுக்கு அது போதாது. அதற்காகத் தாய்மொழியே வகுப்பில் கூடாது என்றும் நான் சொல்லவில்லை. 'வைல் எர் ஃபீபர் ஹாட்' என்னும் தொடரில் வினைச்சொல் கடைசியில் வருவது, 'அவருக்குக் காய்ச்சல் இருப்பதால்' என்று நாம் சொல்வதைப் போன்றதுதான். இதை ஒரு நிமிடத்தில் தமிழில் காட்டியிருந்தால், நாங்கள் இரண்டு வாரம் தடுமாறியிருக்க மாட்டோம்.

பி1 தேர்வின் பேச்சுப் பகுதியில் இருவர் சேர்ந்து ஒரு காரியத்தைத் திட்டமிட வேண்டும். அதற்கு மையத்தில் ஓர் உரையாடலை எழுதிக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்லியிருந்தார்கள். நான் சனிக்கிழமை போகலாம் என்றேன்; எதிரே இருந்தவர் சனிக்கிழமை தனக்கு நேரமில்லை என்றார். என் மனப்பாடத்தில் அந்தப் பதில் இல்லை. வாய் உலர்ந்து, சற்று முன் சொன்ன அதே வாக்கியத்தையே திரும்பச் சொன்னேன். ஒவ்வொரு பகுதிக்கும் 100க்கு 60 எடுக்க வேண்டும். வாசிப்பிலும் எழுத்திலும் தேறினேன், கேட்டலில் 40, பேச்சில் 38.

கணக்கை நான் முன்பே போட்டுப் பார்த்திருக்க வேண்டும். பி2 நிலையை எட்ட 45 நிமிடப் பாடவேளைகள் 600 முதல் 800 வரை தேவைப்படும் என்று, ஜெர்மன் மொழியைக் கற்பித்துத் தேர்வும் நடத்தும் கோதே இன்ஸ்டிட்யூட் சொல்கிறது. வாரத்துக்கு ஐந்து நாள், நாளுக்கு இரண்டு மணி நேரம் என்று ஆறு மாதம் படித்தாலும் 350 பாடவேளையைத் தொடாது.

ஆகவே பணம் கட்டும் முன், மாதிரி வகுப்பை விட்டுவிட்டு, ஏற்கெனவே மூன்றாவது மாதம் நடந்துகொண்டிருக்கும் ஒரு வகுப்பில் ஒரு மணி நேரம் உட்கார அனுமதி கேளுங்கள். அந்த நேரத்தில் மாணவர்கள் எத்தனை நிமிடம் தாங்களாகவே பேசுகிறார்கள் என்று கவனியுங்கள். உங்களுக்கு வரப்போகும் ஆசிரியர் யார், அவர் எந்த நிலை வரை தேறியவர், வகுப்பில் எத்தனை பேர் இருப்பார்கள் என்பதை எழுத்தில் வாங்குங்கள். இடையில் நின்றால் கட்டணத்தில் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பதையும் ரசீதில் எழுதச் சொல்லுங்கள். என் ரசீதில் 'சேவைக் கட்டணம், திருப்பித் தரப்பட மாட்டாது' என்று மட்டுமே இருந்தது. அந்த ரசீதையும், மாதிரி வகுப்பின்போது கொடுத்த விளம்பரத் தாளையும் இணைத்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறேன்.