கணினி ஆய்வகத்துக்கு 2.4 கிகாஹெர்ட்ஸா, 5 கிகாஹெர்ட்ஸா?

2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை சுவரைத் தாண்டிப் போகும், பழைய கணினிகளிலும் வேலை செய்யும். ஆனால் அதில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் (அலைவரிசைக்குள் இருக்கும் தனித்தனிப் பாதைகள்) மூன்றுதான்: 1, 6, 11. முப்பது கணினிகளோடு ஆசிரியர்களின் போன்களும் ப்ளூடூத் மவுஸும் அதே அலைவரிசையில் நெருக்கியடித்தால், எல்லாரும் ஒரே நேரத்தில் வீடியோவைத் திறந்ததும் பாடம் அப்படியே நின்றுவிடும்.

5 கிகாஹெர்ட்ஸில் சேனல்கள் நிறைய, வேகமும் அதிகம். சுவர் தாண்டினால் பலவீனமாகிவிடும், சரி. ஆனால் ஆய்வகம் ஒரே அறைதானே, பக்கத்து வகுப்பின் அலைத் தொல்லை குறைய அதுவே வசதி. என் ஓட்டு இதற்கே. சேனலின் அகலம் கூடினால் சேனல்களின் எண்ணிக்கை குறையும்; அதனால் அகலத்தை மட்டும் 80 மெகாஹெர்ட்ஸுக்குப் போகவிடாமல் 20 அல்லது 40இல் வையுங்கள்.

மலிவான யூஎஸ்பி டாங்கிள்கள் (கணினியில் செருகும் சின்ன வைஃபை கருவிகள்) பல 2.4 மட்டுமே பிடிக்கும். பெட்டியில் ‘டூயல் பேண்ட்’, அதாவது இரண்டு அலைவரிசையும் பிடிக்கும், என்று இருக்கிறதா பாருங்கள். அப்புறம், இடம் மாறாத டெஸ்க்டாப்புகளுக்கு கேபிளே போதும்.