திறந்த காரா, அம்பாசடரா? குமரி மாவட்டத் திருமணத்துக்கு எது ஒத்துவரும்?

தங்கையின் திருமணத்துக்குக் கார் பார்க்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. அவள் கேட்டது ஒன்றுதான்: ஆலயத்திலிருந்து மண்டபத்துக்குப் போகும்போது வழியில் நிற்பவர்கள் தன்னைப் பார்க்க வேண்டும், தானும் அவர்களைப் பார்க்க வேண்டும். கண்ணாடிக்குள் இருந்து கையசைப்பதில் அவளுக்கு விருப்பமில்லை. நாகர்கோவில், மார்த்தாண்டம், களியக்காவிளை தாண்டித் திருவனந்தபுரம் என்று அலைந்ததில் மூன்று வகை வண்டிகள் மிஞ்சின: 1960களின் வெளிநாட்டுத் திறந்த கார், கூரையை மடக்கித் திறக்கக்கூடிய இன்றைய கன்வெர்ட்டிபிள், நம் அம்பாசடர்.

அழகைப் பார்ப்பதற்கு முன்னால் இருக்கைகளை எண்ணுங்கள். 1963இல் வந்த மெர்சிடிஸ் 230 எஸ்எல்லும் புதிய வகையான பிஎம்டபிள்யூ இசட்4 காரும் இரண்டு பேருக்கானவை. ஓட்டுநர் ஓரிடத்தில் அமர்ந்துவிட்டால் மாப்பிள்ளை எங்கே போவார்? அவரே ஓட்டலாம் என்றார்கள். கழுத்தில் மாலையோடு அன்றைக்கு அவரை ஓட்டவிட எனக்கு மனம் வரவில்லை. ஆடி ஏ3 கேப்ரியோலேயிலும் மினி கூப்பர் கன்வெர்ட்டிபிளிலும் நான்கு பேர் அமரலாம். ஆனால் கதவு இரண்டுதான். முன்னிருக்கையை மடக்கிவிட்டு ஒடுங்கி நுழைய வேண்டும். பட்டுச்சேலையில் இருக்கும் பெண்ணை அப்படி நுழையச் சொல்வது கொடுமை. நான் பார்த்த பழைய அமெரிக்கத் திறந்த காரான இம்பாலாவுக்கும் இரண்டே கதவுதான், ஆனால் பின்னிருக்கை வீட்டு சோபாவைப் போல அகலமானது. பெண்ணும் மாப்பிள்ளையும் அமர்ந்து, நடுவில் பூக்கூடையோடு ஒரு குழந்தையும் உட்காரலாம். இதில் பழைய காரே ஜெயித்தது.

அது தோற்ற இடம் வெயில். பழைய கார்களில் ரேடியேட்டர் விசிறி எஞ்சினோடு சேர்ந்தே சுற்றும். பேண்டு வாத்தியத்துக்குப் பின்னால் நடை வேகத்தில் ஊர்ந்தால் எஞ்சின் மெதுவாகச் சுற்றும், விசிறியும் மெதுவாகும், சூடு ஏறிவிடும். ஓட்டிப் பார்க்கப் போன அன்று வடசேரி நெரிசலில் கால் மணி நேரம் நின்றோம், வெப்ப முள் சிவப்பைத் தொட்டது. ஓரமாக நிறுத்தி பானெட்டைத் திறந்து வைத்துக் காத்திருக்க வேண்டியதாயிற்று. இன்றைய கார்களில் மின்விசிறி தானாகச் சுழல்வதால் இந்தத் தொல்லை குறைவு. எந்தக் காராக இருந்தாலும் முன்பக்கக் கிரில்லைத் தோவாளைப் பூவால் மூடிவிடாதீர்கள். பிச்சியும் கேந்தியும் பின்பக்கத்திலும் கதவோரத்திலும் இருக்கட்டும். எஞ்சினுக்குக் காற்று வேண்டும்.

மழையில் புதிய கார்தான் சிறந்தது. ஆடி ஏ3யின் கூரை 18 விநாடியில் மூடிக்கொள்ளும். நான் பார்த்த பழைய காரின் துணிக்கூரையை இழுத்துப் பூட்ட இரண்டு ஆள் தேவைப்பட்டது. அதற்குள் சேலை நனைந்துவிடும். தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் பெய்கிற மாவட்டம் இது. ஜூனிலும் அக்டோபர், நவம்பரிலும் நாள் குறித்தவர்கள் திறந்த காரை மட்டும் நம்பி இருக்கக் கூடாது. ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் என்றால் மழைகூட வேண்டாம், காற்றே போதும். காற்றாலைகளைச் சுழற்றுகிற கணவாய்க் காற்று முக்காட்டை விட்டுவைக்காது.

காகித விஷயத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். வாடகைக்கு ஓடும் வண்டிக்கு மஞ்சள் நம்பர் பலகை இருக்க வேண்டும். வெள்ளைப் பலகை சொந்த உபயோகத்துக்கானது. அதை வாடகைக்கு எடுத்து விபத்து நேர்ந்தால் காப்பீட்டுத் தொகை கிடைப்பது சிக்கலாகிவிடும். 50 ஆண்டு கடந்த கார்களுக்கென 2021இல் தனிப் பதிவு முறை வந்தது. பதிவு எண்ணில் 'விஏ' என்ற எழுத்துகள் இருக்கும். அந்தப் பதிவில் உள்ள காரை வாடகைத் தொழிலுக்கு ஓட்ட விதி இடம் தருவதில்லை. கேரளப் பதிவு வண்டியென்றால் தமிழ்நாட்டுக்குள் ஓட்டும் பெர்மிட்டையும் கேளுங்கள். பழைய காரை லாரியில் ஏற்றிக் கொண்டுவருவார்கள். அந்தச் செலவும் ஓட்டுநர் பேட்டாவும் சொன்ன வாடகைக்குள் அடங்குமா என்று முன்பணம் கொடுப்பதற்கு முன்பே எழுதி வாங்கிவிடுங்கள்.

அம்பாசடரைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். மோரிஸ் ஆக்ஸ்போர்டின் வழிவந்த இந்தக் காரின் உற்பத்தி 2014இல் நின்றுவிட்டது. ஆனாலும் நல்ல வண்டி நம் ஊர்களில் இன்னும் கிடைக்கிறது, பழுது பார்க்கத் தெரிந்த மெக்கானிக்கும் இருக்கிறார். நான்கு கதவு, உயரமான கூரை. கொண்டையில் பூ வைத்த பெண் குனியாமல் ஏறி அமரலாம். குலசேகரத்திலிருந்தோ கொல்லங்கோட்டிலிருந்தோ நெடுந்தூரம் வர வேண்டுமானால் யோசிக்காமல் இதை எடுங்கள்.

நாங்கள் இரண்டையும் எடுத்தோம். வீட்டிலிருந்து ஆலயம் வரை அம்பாசடர். ஆலயத்திலிருந்து பார்வதிபுரம் மண்டபம் வரையிலான கொஞ்ச தூரத்துக்கு மட்டும், மஞ்சள் பலகை உள்ள பழைய திறந்த கார். ஊர்வலத்தைச் சுருக்கினோம், பேண்டை மண்டப வாசலில் நிறுத்தினோம், அதனால் எஞ்சின் சூடாகவில்லை. மேகம் திரண்டால் ஏறிக்கொள்ள அம்பாசடர் பின்னாலேயே வந்தது.

முட்டுவலியால் ஆலயத்துக்கு வர முடியாத எங்கள் பாட்டி, வெட்டூர்ணிமடத்தில் சாலையோரம் நாற்காலி போட்டுக் காத்திருந்தார். கார் அவர் அருகில் நின்றது. யாரும் இறங்கவில்லை. பாட்டி எழுந்து, கதவுக்கு மேலே கையை நீட்டித் தங்கையின் தலையில் வைத்தார்.