மலைப்பயணத்துக்கு மின்சாரம்: ஜெனரேட்டரா, சோலாரா, இரண்டாவது பேட்டரியா?

ஈரோட்டிலிருந்தோ கோவையிலிருந்தோ கொல்லிமலைக்கும் வால்பாறைக்கும் கூடாரத்துடன் கிளம்புகிறவர்கள், எத்தனை வாட் வாங்குவது என்ற கேள்வியோடுதான் கடைக்குப் போகிறார்கள். ஒரு நாளைக்கு எவ்வளவு மின்சாரம் செலவாகும், வண்டி எங்கே நிற்கும், எத்தனை மணி நேரம் ஓடும் என்பவற்றை முதலில் கணக்கிட வேண்டும்.

எங்கள் குடும்பக் கணக்கு இது: 12 வோல்ட்டில் ஓடும் சிறிய கம்ப்ரசர் ஃபிரிட்ஜுக்கு வெயில் நாளில் சுமார் 400 வாட்-மணி (வாட்டை ஓடும் மணி நேரத்தால் பெருக்கிய அளவு), 20 வாட் மின்விசிறி இரவு 8 மணி நேரம் ஓட 160, விளக்குக்கும் கைபேசிகளுக்கும் 100, ஆக 660. இண்டக்‌ஷன் அடுப்பை இதில் சேர்க்கக் கூடாது. சமையலுக்குச் சிறிய கேஸ் அடுப்பே போதும்.

பெட்ரோல் ஜெனரேட்டரை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஆசனூர், தாளவாடி போன்ற காட்டோரங்களில் அதன் இரைச்சல் மனிதருக்கும் விலங்குக்கும் தொல்லை. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு கூடாரத்துக்குள் புகுந்தால் உயிருக்கே ஆபத்து.

சோலார் கணக்கில் குறையில்லை. தாராபுரம், காங்கேயம் பக்கத்துத் திறந்த வெளியில் தெளிந்த நாளில் 100 வாட் தகடு 350 முதல் 400 வாட்-மணி வரை தரும். 200 வாட் இருந்தால் எங்கள் தேவை தீர்ந்துவிடும். ஆனால் பங்குனி வெயிலில் நாம் வண்டியை நிழலில் நிறுத்துகிறோம். தகட்டின் ஒரு மூலையில் கிளை நிழல் விழுந்தாலே உற்பத்தி வெகுவாகச் சரியும். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் வால்பாறையில் அதை நம்பவே முடியாது. நீளமான ஒயருடன் மடக்குத் தகட்டை வெயிலில் விரிக்கலாம் என்றாலும், பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் உடுமலை, பல்லடம் பக்கம் அதை இறுகக் கட்ட வேண்டும்.

எங்கள் பயணங்களுக்கு மிகவும் பொருந்துவது, ஓடும் வண்டியின் ஆல்டர்னேட்டரிலிருந்து, அதாவது எஞ்சின் சுழற்றும் மின்னாக்கியிலிருந்து, ஏறும் இரண்டாவது பேட்டரிதான். பொள்ளாச்சி, ஆழியாறு வழியாக 40 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து கோவையிலிருந்து வால்பாறை சேர மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. ஆல்டர்னேட்டருக்கும் இரண்டாவது பேட்டரிக்கும் இடையே மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் 30 ஆம்பியர் டிசி-டிசி சார்ஜர் மணிக்கு ஏறத்தாழ 400 வாட்-மணி ஏற்றுவதால், 1280 வாட்-மணி கொள்ளும் 100 ஏஎச் (ஆம்பியர்-மணி) லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி மலையேறி முடிப்பதற்குள் பெரும்பாலும் நிறைந்துவிடும். அதே ஏஎச் ஈய-அமில பேட்டரி விலை குறைவு என்றாலும் 30 கிலோவை ஒட்டிய எடை. ஆயுள் குறையாதிருக்க அதில் பாதியைத்தான் பயன்படுத்தலாம். லித்தியத்தின் எடை அதில் பாதிக்கும் கீழே. சார்ஜரைத் தவிர்த்து லித்தியத்தை நேரே ஆல்டர்னேட்டரில் இணைத்தால், அது இழுக்கும் மின்னோட்டத்தால் ஆல்டர்னேட்டர் சூடேறிக் கெடக்கூடும். இரு பேட்டரிகளின் முனைக்கருகிலும் ஃபியூஸ் கட்டாயம். வெப்பம் தாக்காதிருக்க பேட்டரியை பானெட்டுக்குள் வைக்காமல், இருக்கைக்குக் கீழே அசையாமல் பொருத்துங்கள்.

இரண்டாவது பேட்டரியே இல்லாமல் சமாளிக்கலாம் என்று நானும் ஒருமுறை நம்பினேன். கொல்லிமலையில் இரவு முழுக்க ஃபிரிட்ஜை வண்டியின் சொந்த பேட்டரியில் ஓடவிட்டதில், விடிந்ததும் எஞ்சின் கிளம்பவில்லை. அவ்வழியே வந்த ஜீப்காரர் ஒயர் கொடுத்துக் கிளப்பிவிட்டார்.

வாடகை வண்டியில் போகிறவர்களுக்கும் ஒயரிங்கில் கை வைக்க விரும்பாதவர்களுக்கும் பவர் ஸ்டேஷன், அதாவது பேட்டரியும் சாக்கெட்டுகளும் ஒன்றாக அடங்கிய கைப்பெட்டி, ஏற்றது. ஆனால் வண்டியின் லைட்டர் சாக்கெட்டில் 100 வாட் அளவே ஏறும். அதே மூன்று மணி நேரப் பயணத்தில் 300 வாட்-மணிதான் சேரும். ஆகவே கிளம்புவதற்கு முந்தின இரவே வீட்டில் முழுக்க ஏற்றிவிட வேண்டும். இரண்டாவது இரவுக்கு ஃபிரிட்ஜை நிறுத்திவிட்டு விசிறியையும் விளக்கையும் மட்டும் ஓடவிடலாம்.