காவிரிக்கரை முகாம்: எல்லாம் இருக்கிறது, மீனைப் பற்றிய பேச்சு மட்டும் இல்லை

சிவசமுத்திரத்துக்குக் கீழே, காவிரிக்கரையில் உள்ள ஒரு வனமுகாமில் குடும்பத்துடன் தங்கினோம். கூடாரம் சுத்தமாக இருந்தது. களியும் கோழிக்குழம்பும் அருமை. பணியாளர்கள் மரியாதை தெரிந்தவர்கள். ஆனால் நான் போனது மீனுக்காக.

உலகெங்கிலுமிருந்து தூண்டில்காரர்கள் தேடி வந்த நீர் இது. திமில் மஷீர் என்ற பெருங்கெண்டை காவிரியிலும் அதன் துணையாறுகளிலும் மட்டுமே வாழ்கிறது. 1946-இல் துணையாறான கபினியில் பிடிபட்ட மஷீரின் எடை 120 பவுண்டு. 2018 முதல் அந்தத் திமில் மஷீர் அழியும் உயிரினங்களின் உலகச் செம்பட்டியலில், அழிவின் விளிம்பில் இருக்கும் இனம். முகாமில் இதைச் சொல்ல ஒரு பலகைகூட இல்லை. கேட்டால், "மீன் பிடிக்கத் தடை சார்" என்பதோடு சரி.

விஷயம் தெரிந்தவர் பரிசலோட்டிதான். முன்பு தூண்டில்காரர்களுக்கு வழிகாட்டியாக இருந்தவர். பழைய டப்பாவிலிருந்து ஒரு செதிலை எடுத்துக் கொடுத்தார். என் உள்ளங்கையை மூடிவிட்டது. வேகவைத்த கேழ்வரகு மாவை உருட்டி முள்ளில் பொதிவதை வெறும் விரல்களாலேயே செய்து காட்டினார். "எடை போட்டு, எழுதிக்கொண்டு, ஆற்றிலேயே விட்டுவிடுவோம்" என்றார்.

வனவிலங்குச் சட்டத்தில் உயிரோடு பிடிப்பதும் வேட்டைதான். அதனால் சரணாலயத்துக்குள் தூண்டிலில் பிடித்த மீனைத் திரும்ப ஆற்றில் விடும் வழக்கமும் நின்றது. சட்டத்தின் நோக்கத்தை மதிக்கிறேன். ஆனால் ஆற்றில் வெடி போட்டு மீனைக் கொல்கிறவன் தடைக்கு அஞ்சுகிறவனா? கரையில் ஆள் நடமாட்டம் இருந்தவரை அவனுக்குப் பயம் இருந்தது. 1998 முதல் 2012 வரை தூண்டில் முகாம்களில் எழுதிவைத்த பிடிப்புக் கணக்கிலிருந்துதான் திமில் மஷீர் குறைந்து வந்ததையே ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். இப்போது அந்தக் கணக்கை எழுத யார் இருக்கிறார்கள்?

தூண்டில்காரர்களான எங்கள் தரப்பும் குற்றமற்றதல்ல. மகாராஷ்டிரத்தின் லோனாவாலா மீன்குஞ்சுப் பொரிப்பகத்திலிருந்து வந்த, வேறு இனமான நீலத்துடுப்பு மஷீர் குஞ்சுகளை இந்த ஆற்றில் விட்டதைத் தூண்டில்காரர்கள் வரவேற்றார்கள். அவை பெருகின, மண்ணின் மீன் அருகியது. இதை ஒப்புக்கொள்ளாமல் தடையை மட்டும் திட்டுவது நியாயமில்லை. தூண்டிலை மறுபடி அனுமதிப்பதானால் உரிமம், கணக்கு, காவல் மூன்றும் சேர்ந்தே வர வேண்டும். வெளியூர்க் குஞ்சு ஒன்றுகூட ஆற்றில் விழக்கூடாது.

தங்குவதற்கு முகாமைத் தாராளமாகப் பரிந்துரைப்பேன். பரிசல் சவாரிக்குப் பதிவு செய்யும்போது, பழைய தூண்டில் வழிகாட்டிகளில் ஒருவரையே துடுப்புப் போடக் கேளுங்கள். இளைஞர்களை அனுப்பினால் படம் எடுத்துக் கொடுத்துவிட்டுக் கரை சேர்த்துவிடுகிறார்கள்.